ஓட்டை வண்டி புராணம் – 6: காயலான் கடைக் காத்தாடி

ஆணி கொஞ்சம் ஓவர், அதான் மூணு வாரமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. போன பகுதியில பேட்டரி பத்திப் புலம்பிட்டு, அடுத்தது பிரேக்குன்னு சொல்லியிருந்தேன். பிரேக் காத்திருக்கட்டும். நடுவுல நம்ம வண்டிக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. இந்தக் காய்ச்சல் பழைய வண்டி வச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு நாள் வரும்ங்கறதால முதல்ல அதை எழுதிடறேன்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு முன்கதைச் சுருக்கம். இருக்கறது டெக்சாஸ்ல ஆர்லிங்டன். சுமார் 4 லட்சம் பேர் இருக்கற ஊர், ஆனா நம்ம ஊர் மாதிரி ரூட் நம்பர் போட்ட டவுன் பஸ் கிடையாது. 2017 டிசம்பர்லேர்ந்து ஆப்ல கூப்பிட்டா வர்ற வேன் மட்டும்தான். அதனால நாங்க மூணு பேர் (நான் சேலம், ஒருத்தன் திருநெல்வேலி, இன்னொருத்தன் கும்பகோணம்) ஆளுக்கு 900 டாலர் போட்டு 2006 மாடல் ஜப்பான் கார் ஒண்ணு வாங்கினோம். 1 லட்சத்து 74 ஆயிரம் மைல் ஓடின வண்டி. எங்களை விடக் கொஞ்சம்தான் சின்னது.

இனி நோய்க்கு வருவோம். ஹைவேல 65 மைல்ல போறப்ப வண்டி ஜம்முனு இருக்கும். இறங்கி சிக்னல்ல நின்னா சூடு ஏறும். பச்சை விழுந்து நகர ஆரம்பிச்சா இறங்கும். அடுத்த சிக்னல்ல மறுபடி ஏறும். இந்த ஏத்த இறக்கத்தை யாராவது சொன்னா, பானெட்டைத் திறக்காமலேயே முதல்ல ஃபேனைச் சந்தேகப்படலாம். காரணம் சுலபம். வேகமாப் போறப்ப எதிர்க்காத்தே ரேடியேட்டர் வழியாப் புகுந்து தண்ணியை ஆத்திடும், ஃபேனுக்கு வேலையே இல்லை. நின்னாத்தான் ஃபேன் வேணும். மாறா, ஹைவேலயும் சூடு ஏறுதுன்னா அது வேற வியாதி: கூலன்ட் குறைஞ்சிருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காம இருக்கலாம், ரேடியேட்டர் அடைச்சிருக்கலாம், வாட்டர் பம்ப் போயிருக்கலாம். அதுக்கு ஃபேன் மாத்திப் பிரயோஜனம் இல்லை.

அந்தக்கால அம்பாசடர்ல இந்தச் சமாச்சாரமே வேற. அதுல ஃபேன் பெல்ட்டுல மாட்டியிருக்கும், இன்ஜின் சுத்தினா அதுவும் சுத்தும். ஏற்காடு மலை ஏறுறப்ப பாதி வழியில வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, தண்ணி கேனோட நின்ன கதை எங்க அப்பாகிட்ட ஒரு டஜன் இருக்கு. (கொசுவர்த்தி போதும்னு நீங்க சொல்றது கேக்குது.) இப்ப வர்ற சின்ன கார்கள்ல ஃபேன் கரன்ட்டுல ஓடுது. கூலன்ட் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸ் தொட்டா கம்ப்யூட்டரோ ஸ்விட்சோ ரிலேயைத் தட்டிவிடும், ஃபேன் ஓடும், ஆறினதும் நிக்கும். அதாவது ஃபேன் சுத்தலைன்னா தப்பு ஃபேன்ல மட்டும் இருக்கணும்னு அவசியம் இல்லை. ஃப்யூஸ், ரிலே, சென்சார், வயர், மோட்டார் எதுவா வேணா இருக்கலாம். இதுல ஃப்யூஸ் ஒரு டாலர் கூட ஆகாது. எது போச்சுன்னு பாக்கறதுக்கு முன்னாடி பார்ட் வாங்கினா காசுதான் போகும்.

நாங்க கண்டுபிடிச்சது ஜூன் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. வெளியில 98 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 37 டிகிரி. டேஷ்போர்டு முள்ளை நம்பி இருந்தா கண்டுபிடிச்சிருக்க மாட்டோம், ஏன்னா நிறைய கார்கள்ல அந்த முள்ளு ஒரு பெரிய ரேஞ்சுக்கு நடுவுலயே அசையாம உக்காந்திருக்கும், ரொம்ப மோசமானப்பறம்தான் எழுந்திரிக்கும். எங்ககிட்ட ஒரு ஓபிடி டாங்கிள் இருந்துச்சு. 1996க்கு அப்பறம் அமெரிக்காவுல வித்த எல்லாக் கார்லயும் ஸ்டியரிங்குக்குக் கீழ அதுக்கு ஒரு சாக்கெட் இருக்கும். 15, 20 டாலர்தான். போன்ல கூலன்ட் எத்தனை டிகிரின்னு அப்படியே காட்டும். இந்தத் தொடர்ல நான் திரும்பத் திரும்ப வாங்கச் சொல்ற ஒரே ஐட்டம் இதான் (கமிஷன் எல்லாம் கிடையாது). சிக்னல்ல நிக்க நிக்க 96, 99, 103, 107ன்னு ஏறுச்சு. நெல்லைக்காரன், "ஏல, ஏசியை அமத்து, ஹீட்டரைப் போடு"ன்னான்.

ஹீட்டரா, இந்த வெயிலுக்கான்னு கேக்காதீங்க. உள்ள இருக்கற ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அதை ஃபுல்லா வச்சா இன்ஜின் சூடு கொஞ்சம் நம்ம மூஞ்சிக்கு வந்து இன்ஜின் தப்பிக்கும். அப்பவும் சூடு இறங்கலைன்னா ஓரம் கட்டி ஆஃப் பண்ணிடணும், வீடு ஒரு மைல்ல இருந்தாலும் சரி. இன்ஜின் ஹெட் அலுமினியம். ரொம்பச் சூடானா வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். அந்த ரிப்பேர் செலவுக்கு எங்க வண்டியையே வித்தாலும் பத்தாது.

இன்னொண்ணு, சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ள அழுத்தத்துல இருக்கற கூலன்ட் 100 டிகிரிக்கு மேல போனாலும் கொதிக்காம இருக்கும். பாதிக்குப் பாதி கலவை, 15 பிஎஸ்ஐ மூடின்னா சுமார் 129 டிகிரி வரைக்கும் தாங்கும். மூடியைத் திறந்த நொடி அழுத்தம் போய், அத்தனையும் கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். ஒரு மணி நேரம் ஆறட்டும், அப்பறம் பாருங்க.

மறுநாள் காலையில பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனோம். ரெண்டு ஃபேனும் புதுசு, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 610 டாலர்னு எழுதிக் குடுத்தாங்க. அவங்க ஏமாத்தறாங்கன்னு சொல்ல மாட்டேன். புது பார்ட், வாரன்டி, ஒன்றரை மணி நேரம் வேலை, கடை வாடகை எல்லாம் இருக்கு. ஆனா செமஸ்டர் நடக்கறப்ப கேம்பஸ்ல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல வேலை பார்க்க விசா விடாத எங்களுக்கு 610ங்கறது வேற கணக்கு. அதுக்கும் மேல கும்பகோணத்துக்காரனுக்குத் திங்கக்கிழமை இர்விங்ல இன்டர்ன்ஷிப் முதல் நாள். காலையில 8 மணி, 20 மைல் தூரம். நம்ம ஆப் வேன் அந்த ஆபீஸ் வாசல் வரைக்கும் போகாது. தினமும் வாடகைக் கார்ல போனா முதல் சம்பளம் வர்றதுக்குள்ள கடன்காரன் ஆயிடுவான். ஏழு மாசம் விண்ணப்பம் போட்டுக் கிடைச்ச ஒரே வேலை. அவன் ஒண்ணும் பேசாம போன்ல பஸ், ட்ரெயின் எல்லாம் தேடிட்டே இருந்தான். அதைப் பாத்தப்பறம்தான் நாமளே இறங்கிடலாம்னு முடிவு பண்ணினோம்.

எங்க அபார்ட்மென்ட் லீஸ்ல பார்க்கிங்ல வண்டி ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கு (இந்த ஊர்ல பல லீஸ்ல இருக்கும், படிச்சுப் பாருங்க). எதிர்த் தெருவுல ஒரு மெக்சிகோ பெரியவர் இருக்கார். தீபாவளிக்கு முறுக்கு குடுத்ததுலேர்ந்து பழக்கம். எங்களை "மிஹோ"ன்னுதான் கூப்பிடுவார், மகனேன்னு அர்த்தம். அவர் வீட்டு வாசல்ல நிறுத்திக்கோங்கன்னுட்டார்.

சோதனை செஞ்ச வரிசையைச் சொல்றேன், இதான் இந்தப் பதிவோட சரக்கு. முதல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடணும். நிறைய கார்கள்ல ஏசி போட்டாலே, இன்ஜின் சூடாகாட்டியும், ஃபேன் ஓடணும். எங்க வண்டியில ரெண்டு ஃபேன். ஏசி பக்கத்துது ஓடுது, ரேடியேட்டர் பக்கத்துது அசையலை. சரி, ஆஃப் பண்ணிட்டு பானெட்டுக்குள்ள இருக்கற ஃப்யூஸ் பெட்டி. மூடிக்கு உள்பக்கமே படம் இருக்கும். ஃப்யூஸ் நல்லா இருந்துச்சு. அடுத்து ரிலே. ரெண்டு ஃபேனுக்கும் ஒரே மாதிரி ரிலே, மேல ஒரே நம்பர். இதைப் பிடுங்கி அதுல, அதைப் பிடுங்கி இதுல. செலவு பூஜ்யம். ரிலே கெட்டிருந்தா இப்ப நோய் இடம் மாறியிருக்கணும். மாறலை.

அப்பறம்தான் முக்கியமான கட்டம். ஓடாத ஃபேனோட கனெக்டரைக் கழட்டி, வண்டிப் பக்கத்து முனையில மல்டிமீட்டரை வச்சு ஏசி போட்டுப் பாக்கணும். 12 வோல்ட் வந்தா, மேல இருக்கற சென்சார், கம்ப்யூட்டர், ரிலே எல்லாம் உத்தமர்கள், குத்தவாளி மோட்டார். வரலைன்னா மோட்டாரைத் தொடாதீங்க, மேல போய்த் தேடுங்க. எங்களுக்கு வந்துச்சு. (மீட்டர் பத்து டாலருக்குள்ள கிடைக்கும். இன்ஜின் ஓடறப்ப கை வைக்கறதால கழுத்துல தொங்கற ஐடி கார்டு, துண்டு எல்லாத்தையும் கழட்டி வச்சுடுங்க.) உறுதி பண்ணிக்கறதுக்கு ரெண்டு வயர்ல, நடுவுல ஒரு 20 ஆம்ப் ஃப்யூஸ் போட்டு, பேட்டரியிலேர்ந்து மோட்டாருக்கு நேரா குடுத்தோம். ஊஹூம். பெரியவர் வந்தார், ஒரு ஸ்பேனர் பின்பக்கத்தால மோட்டார் முதுகுல ரெண்டு தட்டு தட்டினார். விர்ர்ர்னு சுத்துச்சு! நாங்க கைதட்டினோம். அவர் சிரிக்கவே இல்லை. "பிரஷ்"ன்னார்.

மோட்டாருக்குள்ள கரன்ட் கடத்தற கார்பன் பிரஷ் தேய்ஞ்சு போனா இப்படித்தான். தட்டினா தொடும், ஓடும், அடுத்த தடவை நிக்கும். தட்டி ஓட்டறது வீடு போய்ச் சேர்றதுக்கு மட்டும்தான். நம்ம ஊர்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில குடுத்தா பிரஷ் மாத்திக் குடுத்துடுவார். இங்க அந்தத் தொழிலை நான் பாக்கலை, எல்லாம் அசெம்ப்ளியாவே மாத்தறாங்க.

நடுவுல நெல்லைக்காரன் ஒரு ஐடியா குடுத்தான். அந்த 12 வோல்ட் சமாச்சாரத்தை விட்டுட்டு டேஷ்போர்டுல ஒரு ஸ்விட்ச் வச்சு ஃபேனை நேரா ஓட்டலாம்னு. சென்சார் கெட்ட வண்டிக்கு நம்ம ஊர்ல செய்யற வேலைதான். ஆனா எங்களுக்கு மோட்டாரே போச்சு, ஸ்விட்ச் வச்சு என்ன பண்ண? சென்சார் கெட்டவங்களுக்கும் ஒரு வார்த்தை: ஃபேன் 10லேர்ந்து 20 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். ரிலேயும் ஃப்யூஸும் இல்லாம சன்ன வயர்ல, சின்ன ஸ்விட்ச்ல போட்டா வயர் உருகும். போன இடத்துல மறந்து ஆஃப்ல விட்டா இன்ஜினும் உருகும்.

புது ஃபேன், கம்பெனி அல்லாத வேற தயாரிப்பு, ஆன்லைன்ல 80 டாலருக்கு இருந்துச்சு. ராக்ஆட்டோ மாதிரி தளங்கள்ல பாருங்க, கடையை விடக் கம்மியாவே வரும். ஆனா வந்து சேர புதன் ஆகும். திங்கக்கிழமை இன்டர்ன்ஷிப். அதனால காயலான் கடை.

இங்க நாமளே கழட்டிக்கற யார்டுகள் உண்டு. சென்னைக்காரங்க புதுப்பேட்டையை நினைச்சுக்கலாம், ஒரு வித்தியாசத்தோட. புதுப்பேட்டையில பார்ட்டைக் கடைக்காரர் எடுத்து வச்சிருப்பார், பேரம் நம்ம சாமர்த்தியம். இங்க பேரமே கிடையாது, எந்தக் காரோட ஃபேனா இருந்தாலும் போர்டுல எழுதின ஒரே விலை. கழட்டறதுதான் நம்ம சாமர்த்தியம். உள்ள போக ஆளுக்கு ரெண்டு டாலர். டூல் நம்மளது. ஆட்டோசோன் மாதிரி கடைகள்ல பெரிய டூல்கள் சிலதை டெபாசிட் வாங்கிக்கிட்டு இரவல் தர்றாங்க, திருப்பிக் குடுத்தா பணம் முழுசா வந்துடும். எங்களுக்குப் பெரியவர் பெட்டியே போதும்.

சனிக்கிழமை காலையில ஏழேகாலுக்கு, வெயில் ஏறதுக்கு முன்னாடி, சிக்னலே இல்லாத ரூட்டாப் பாத்து, ஏசி இல்லாம, ஹீட்டரைப் போட்டுக்கிட்டு மூணு தடியன்கள் 14 மைல் போன காட்சியை உங்க கற்பனைக்கே விடறேன். 105 தொட்டா நிறுத்திடறதுன்னு ஒப்பந்தம். 98ஐத் தாண்டலை.

யார்டுல எங்க மாடல் ஆறு வண்டி இருந்துச்சு. பின்னாடி இடி வாங்கின வண்டியாப் பாருங்க. முன்னாடி இடிச்ச வண்டியில முதல்ல நொறுங்கறதே ரேடியேட்டரும் ஃபேனும்தான். அப்பறம் இன்ஜின் சைஸ் ஒண்ணா, கனெக்டர் ஒண்ணா, இறக்கை எத்தனை, விரிசல் இருக்கான்னு பாக்கணும். விரலால சுத்தினா கரகரன்னு சத்தம் இல்லாம சுத்தணும், தண்டைப் பிடிச்சு ஆட்டினா ஆடக்கூடாது. முக்கியமா, பெரியவர் குடுத்த ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியிலேர்ந்து அங்கயே கரன்ட் குடுத்து ஓட்டிப் பாத்தோம். முதல் ரெண்டும் ஊத்திக்கிச்சு! ஒண்ணு சுத்தவே இல்லை, இன்னொண்ணு சுத்தறப்ப அழுதுச்சு. மூணாவது கப்சிப்னு ஓடுச்சு. சோதிக்காம முதல்ல கிடைச்சதை வாங்கியிருந்தா செத்த ஃபேனுக்கு இன்னொரு செத்த ஃபேனை மாத்தியிருப்போம்.

கழட்டறது எங்க வண்டியில கஷ்டமே இல்லை. மேல ரெண்டு 10 எம்எம் போல்ட், கீழ ரெண்டு காது ஒரு பள்ளத்துல உக்காந்திருக்கும், கனெக்டரை அழுத்தி உருவி, அப்படியே மேல தூக்கினா வந்துடும். சில வண்டியில ரேடியேட்டர் மேல் ஹோஸையும் கழட்டணும். 10 எம்எம் சாக்கெட் மட்டும் வழக்கம் போலக் காணாமப் போச்சு. உலகத்துல எல்லா மெக்கானிக்கும் தேடறது அதைத்தானாம். நெல்லைக்காரன் பாக்கெட்லயே இருந்துச்சு.

வீட்டு வாசல்ல மாட்டறப்ப ஒரு எச்சரிக்கை. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டுத்தான் கை வைக்கணும். சில வண்டியில சாவியை எடுத்தப்பறமும், சூடு இருந்தா ஃபேன் தானா ஓட ஆரம்பிக்கும், விரல் போயிடும். எங்களுக்கு ஹோஸைக் கழட்ட வேண்டியிருந்ததால கொஞ்சம் கூலன்ட் கொட்டுச்சு, கீழ ட்ரே வச்சுப் பிடிச்சோம். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய், பூனை நக்கினா செத்துடும். சாக்கடையிலயும் ஊத்தக்கூடாது. புதுசா ஊத்தறப்ப கலரைப் பாத்து வாங்காதீங்க, கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டி புத்தகத்துல என்ன வகைன்னு போட்டிருக்கோ அது. தனியாத் தண்ணி கலக்கறதா இருந்தா டிஸ்டில்டு வாட்டர்.

ஊத்தினப்பறம் காத்து எடுக்கணும். குளிர்ந்த இன்ஜின்ல மூடியைத் திறந்து வச்சு, ஹீட்டரை ஃபுல்லா வச்சு, ஸ்டார்ட் பண்ணி, குமிழி வர்றது நிக்கற வரைக்கும் மெதுவா ஊத்திக்கிட்டே இருந்து, அப்பறம் மூடி. பிறகு வண்டியை நின்ன இடத்துலயே ஓட விட்டு மூணு பேரும் போனைச் சுத்தி உக்காந்தோம். 90. 93. 95. 96. யாரும் பேசலை. 97ல டக்குனு ரிலே சத்தம், பின்னாடியே ஃபேன். 91க்கு இறங்கி நின்னுச்சு. மறுபடி ஏறி, மறுபடி ஓடி, மறுபடி நின்னுச்சு. ரெண்டு சுத்து பாத்தப்பறம்தான் பெரியவர் பானெட்டை மூட விட்டார். கும்பகோணத்துக்காரன் போன்ல திறந்து வச்சிருந்த ட்ரெயின் அட்டவணையை மூடினான்.

கணக்கு: ஃபேன் 34, பழசைத் திருப்பித் தராததுக்குக் கோர் சார்ஜ் 4, வரி கிட்டத்தட்ட 3, நுழைவு 6, கூலன்ட் 17, பெரியவர் வீட்டுக்கு டாக்கோ 15. மொத்தம் 79 டாலர். தலைக்கு 26 சொச்சம். டாக்கோவுக்குக் காசு குடுத்ததுக்குத்தான் அவர் திட்டினார்.

திங்கக்கிழமை 7:35க்கே இர்விங் போய்ச் சேர்ந்துட்டான். சாயங்காலம் ஐ-30ல ஒரு விபத்து, 40 நிமிஷம் வண்டி நகரவே இல்லையாம். 97, 91, 97, 91ன்னு போட்டோ மேல போட்டோ அனுப்பினான், எனக்கு லேப்ல ஒரு வேலையும் ஓடலை :-)

அடுத்த பகுதி கட்டாயம் பிரேக்தான்.

பி.கு: பழைய மோட்டார் பால்கனியில இருக்கு. நாலு தகட்டு மடிப்பை நிமித்தினா திறந்துடும் போலிருக்கு, கார்பன் பிரஷ் மட்டும் மாத்திப் பாக்கலாம்னு ஆசை. பிரஷ்ஷோட நீளம் தேய்ஞ்சு போச்சு, அகலமும் கனமும் அளந்து வச்சிருக்கேன். அதை மட்டும் வச்சு வாங்க முடியுமா, இல்லை மோட்டார் நம்பர் வேணுமா? ஊர்ல இந்தத் தொழில் தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களைத் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.